தடித்த சுவர் எந்தப் பக்கம்?

என் அண்ணிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. கதவைப் பூட்டித் தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "கேஸை மூடினேனா?" என்று என்னிடம் கேட்பாள். கண் தெரியாத நாத்தனாரிடம்! நான் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

இவளோடுதான் பதினோரு வருஷமாக ஒரே அறையில் குப்பை கொட்டுகிறேன். பார்வையில்லாத பிள்ளைகள் தொட்டுப் படிக்கும் பாடப்படங்களை அண்ணி செய்வாள். நான் விரலால் தடவிப் பார்த்து 'சரி' சொல்வேன். நான் சரி சொல்லாமல் ஒரு தாளும் அறையைத் தாண்டாது.

அண்ணி அடிப்படையில் தையல்காரி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. படம் உள்ள கேள்விகள் எனக்கு மட்டும் கிடையாது; சலுகை என்று அதற்குப் பெயர். 'சிறுநீரகம் அவரை விதை வடிவம்' என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்ததை அவள் ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். துணியில் கோடு போடும் பல் சக்கரத்தை எடுத்தாள். கெட்டி அட்டையின் பின்பக்கம் உருட்டி, அட்டையைத் திருப்பி என் கையில் வைத்தாள். புள்ளி புள்ளியாகச் சிறுநீரகம் எழும்பியிருந்தது. நான் அழுததாக இன்றும் சொல்லிக் காட்டுவாள். ஜலதோஷம் என்பேன். அழுதேன்தான்.

பின்பக்கமிருந்து அழுத்துவதில் ஒரு சங்கதி உண்டு. படத்தை இடம் வலம் மாற்றி வரைந்தால்தான் முன்பக்கம் சரியாக வரும். அண்ணி அதைத் தூக்கத்திலும் செய்வாள்.

அன்றைக்கு இதயத்தின் படம். மறுநாள் காலை முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கு அறிவியல் தேர்வு. கேள்வித்தாள் ரகசியம் என்பதால் தேர்வு அலுவலகம் படத்தை மட்டும் அனுப்பியிருந்தது. நான்கு மணிக்கு வண்டி வரும். இரண்டு மணிக்கே எல்லாம் முடித்துக் கட்டியும் வைத்தாயிற்று.

"இன்னும் ஒரே ஒரு தடவை தொட்டுப் பாரேன்."

"ரெண்டு தடவை பாத்தாச்சு அண்ணி. கோடெல்லாம் தெளிவா இருக்கு. ஆளை விடுங்க."

"எனக்கு என்னவோ சந்தேகமாவே இருக்கு."

"உங்களுக்கு என்னிக்குத்தான் சந்தேகம் இல்ல?"

எரிச்சலோடு ஒரு தாளை உருவித் தடவினேன். கீழறைகளில் ஒன்றின் சுவர் தடிமனாக, என் இடது கைப்பக்கம் இருந்தது. இடது கீழறையின் சுவர்தான் தடித்தது என்று நானும் ஒப்பித்தவள்தான். ஆனால் யாருக்கு இடது? விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அண்ணி, சட்டையை முன்பக்கம் மேல தெரியற மாதிரி விரிச்சா, அதோட இடது கை எந்தப் பக்கம் வரும்?"

"நமக்கு வலப்பக்கம். ஏன்?"

அவள் விரலைப் பிடித்துத் தடித்த சுவரில் வைத்தேன். "அப்ப இது மட்டும் ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"ஐயையோ! வந்த படத்தைத் திருப்பித்தானே வரைஞ்சேன்!" அவள் குரலே மாறிவிட்டது.

இது இப்படியே போனால், வலது அறையைத் தொட்டு இடது என்று எழுதுவார்கள். நன்றாகப் படித்த பிள்ளைதான் முதலில் மாட்டும். தப்பு அதன் தலையில்தான் விழும்.

அலுவலகத்துக்குப் போன் போட்டோம். நான்காவது தடவைதான் படத்தை அனுப்பிய எழுத்தர் எடுத்தார்.

"நீங்க எப்படியும் திருப்பணும்ல மேடம்? உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு நானே திருப்பிப் போட்டு அனுப்பினேன்."

அவர் திருப்பியதை அண்ணி மறுபடி திருப்பியிருக்கிறாள். உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இருந்திருக்கலாம், மகராசன். அவரை நான்கு வார்த்தை திட்டக்கூட நேரமில்லை.

அட்டையில் புது அச்சு செய்ய ஒரு மணி நேரம். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்துப் பதிக்கும் மெஷினுக்குத் தாளுக்கு ஒன்றரை நிமிஷம். கணக்குப் பார்த்தால் மூச்சு விடவும் இடமில்லை. பல் சக்கரம் அட்டையில் விட்டு விட்டு ஓடுவது எனக்குக் கேட்டது.

"அவசரத்துல கோடு ஆடுது."

"ஆடட்டும். நான் இருக்கேன்ல, எங்க ஆடுதுன்னு சொல்றேன். நீங்க ஓட்டுங்க."

நான்கு மணிக்கு டிரைவர் வந்து வாசலில் செருமியபோது இன்னும் எட்டுத் தாள் பாக்கி.

"அஞ்சு மணிக்கு அங்க கதவைச் சாத்திருவாங்கம்மா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"பத்தே நிமிஷம்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று அண்ணி கெஞ்சினாள். ஒவ்வொரு தாளையும் சூடு ஆறும் முன்பே வாங்கித் தடவினேன். விரல் நுனி எரிந்தது. தடித்த சுவர் வலப்பக்கம், வலப்பக்கம், வலப்பக்கம். நாலே காலுக்கு வண்டி கிளம்பியது.

ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. கட்டு வந்து சேர்ந்துவிட்டதாம். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு தடவையும் சரின்னு சொன்னது நான்தான் அண்ணி."

"மூணாவது தடவை பாத்தியே, போதும். கிளம்பு, உன் அண்ணன் தேடுவாரு."

அறையைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தோம். வழக்கமாக நிற்கும் இடத்தில் அண்ணி நிற்கவில்லை. அவளுக்கு அவ்வளவு அசதி. நான்தான் அவள் கையை விட்டுவிட்டு, சுவரைத் தடவியபடி திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.