கப்பல் வீட்டோடு

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தது. அதில் யாரும் சாப்பிட்டதில்லை. அப்பாவின் தங்கையான மாமி அதன்மேல் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் குசினிக்குள் பலகை போட்டுக் குந்தியிருந்து சாப்பிட்டோம். வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன கோலம் என்று கேட்டால், "எங்கட மேசை கப்பலுக்குப் போயிட்டுது" என்று அம்மா சொல்லுவார். ஊரில் ஆண்கள் கப்பல் வேலைக்குப் போய் வருடக்கணக்கில் திரும்பாமல் இருப்பதைப்போல, மேசையும் திரும்பவில்லை.

திருகோணமலையில் கப்பலுக்கு என்ன பஞ்சம்? படலையைத் திறந்துகொண்டு தெருமுனைக்குப் போனால் உள்துறைமுகம் தெரியும். சீமெந்து ஏற்றுகிற கப்பல், கோதுமை இறக்குகிற கப்பல், கடற்படையின் சாம்பல் நிறக் கப்பல் என்று ஏதாவது ஒன்று நிற்கும். மாமி அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஒல்லாந்தர் காலத்துப் பாய்க்கப்பல். மூன்று பாய்மரங்களும் பக்கவாட்டில் பீரங்கிகளும் உள்ள அந்தக் கப்பலின் வரைபடத்தை இணையத்தில் தேடி எடுத்து, கொமினிகேசன் கடையில் பல தாள்களாக அச்சடித்து, ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார். அவர் ஒரு அரசாங்கக் கந்தோரில் காணிப்படம் வரைகிறவர். பகல் முழுக்க மற்றவர்களுடைய காணிகளுக்கு எல்லை கீறிவிட்டு வந்து, பின்னேரத்தில் கப்பலுக்கு முன்னால் இருப்பார்.

பொம்மைக் கப்பல் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பெரிய கப்பலைக் கட்டுகிற ஒழுங்கிலேயே அதையும் கட்டினார். முதலில் முதுகெலும்பைப்போல ஏராக்கட்டை. அதிலிருந்து விலா எலும்புகள். பிறகு, முதிரைப் பலகையைத் தீக்குச்சித் தடிப்பில் சீவி, கொதிநீரில் ஊறவைத்து, விலாவோடு விலாவாக வளைத்து ஒட்டி, காயும்வரை உடுப்புக் கிளிப்புகளால் பிடித்துவைப்பார். வீட்டுக் கிளிப்புகள் எல்லாம் கப்பலில் இருந்ததால் காற்றுக் காலத்தில் எங்கள் உடுப்புகள் பக்கத்து வளவில் கிடந்தன. கயிறு ஓடுகிற கப்பிகளைச் சிரட்டையில் செய்தார், ஒவ்வொன்றும் ஒரு மிளகின் அளவுதான் இருக்கும். பீரங்கிகளுக்கு நான் பொறுப்பு. வகுப்பில் எழுதித் தீர்ந்த பேனைகளைச் சேர்த்துக்கொண்டு வருவேன், மாமி அவற்றின் பித்தளை நுனியைக் கழற்றிக் கறுப்படிப்பார். எங்கள் வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் பேனை எப்போது முடியும் என்று காத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

இந்தக் கப்பலால் மாமியின் கலியாணம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து பொம்பிளை பார்க்க வந்தார்கள். வந்தவர்களின் கண் நேரே மேசைக்குப் போகும். ஆர் செய்தது என்று கேட்பார்கள். தங்கச்சிதான் என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, பிள்ளை கொஞ்சம் ஒரு மாதிரியாம் என்று பிறகு சொல்லி அனுப்புவார்கள். அந்த 'ஒரு மாதிரி' என்பது என்ன மாதிரி என்று நான் அம்மாவிடம் கேட்டேன். வாயைப் பொத்து என்றார்.

மூன்றாவதாக வந்த சம்பந்தம் புல்மோட்டையில் மணல் எடுக்கிற இடத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய படத்தை அம்மா மாமியிடம் காட்டினார். மாமி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர மறந்துபோனார். முந்தைய இரண்டு படங்களையும் அவர் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தவர். "இதுவும் தவறினா இனி ஒருத்தரும் இந்தப் படலையைத் திறக்காயினம்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார்.

கப்பலை எங்காவது ஒளித்துவைக்கவும் வழியில்லை. அப்போது கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரம். மேசையை அசைத்தால் பாய்மரம் சாயும், பாய்மரம் சாய்ந்தால் மாதக்கணக்கில் செய்த வேலை போய்விடும். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, கப்பலைத் தான் செய்ததாகச் சொல்லப்போகிறேன் என்றார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் சமயபாடம் படிப்பிக்கிறவர். பொய் சொல்லக்கூடாது என்பதை வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர். கைவேலை என்றால் அதைவிட மோசம். சுவரில் ஒரு ஆணி அடிக்கப் போனால் சுவருக்கும் காயம், விரலுக்கும் காயம். அப்படிப்பட்டவர் கப்பல் கட்டினார் என்றால் கப்பலே சிரிக்கும். "உங்கட விருப்பம் அண்ணா" என்றார் மாமி. அதோடு நிற்காமல், கேட்டால் சொல்லவேண்டும் என்று கப்பலின் பாகங்களை அவருக்குச் சொல்லியும் கொடுத்தார். அப்பா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு பாடமாக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியின் கப்பலை அப்பா களவெடுக்கிறார், மாமியோ களவெடுக்கிறவருக்கே விளக்குப் பிடிக்கிறார். நான் அப்பாவோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓட்டோவில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய், தாய்மாமன், மூன்று பேர்தான். தாய்மாமன் உண்மையாகவே கப்பலுக்குப் போய்வந்தவர் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் கதிரையில் இருக்காமல் நேரே மேசைக்குப் போனார்.

"ஆர் தம்பி செய்தது?"

"நான்தான்" என்றார் அப்பா.

"சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. இந்தக் கப்பியெல்லாம் என்னத்தில செய்தனீங்கள்?"

அப்பா பாடமாக்கியதில் அது இல்லை. "மரத்தில" என்றார்.

"சிரட்டை!" என்று நான் கத்திவிட்டேன். அம்மா என் முதுகில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாளைக்கு இருந்தது.

"ஓமோம், சிரட்டை. சிரட்டையும் ஒரு மரம்தானே" என்றார் அப்பா. தாய்மாமன் அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பா, "நேரம் கிடைக்கேக்க செய்யிறது" என்று ஒரே மறுமொழியைச் சொன்னார். என்ன மரம் என்று கேட்டதற்கும் அதையே சொன்னார்.

மாமி சேலை கட்டிக்கொண்டு தேத்தண்ணீர்த் தட்டத்தோடு வந்தார். தட்டத்தில் தேத்தண்ணீர் சிந்தியிருந்தது. ஊசித்துளைக்குள் நூல் விடுகிற கை அது. மாப்பிள்ளையின் தாய் அவரை மேலும் கீழும் பார்த்தார், பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பயத்தம் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்.

"வீடு பிள்ளையின்ர பேரில எண்டு சொன்னவை. அப்ப நீங்கள் எப்ப தம்பி எழும்புறியள்?"

அப்பா கதிரையிலிருந்து எப்போது எழும்புவார் என்றுதான் அவர் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். வந்த வீட்டில் இப்படியும் கேட்பார்களா என்று இருந்தது. "கலியாணத்துக்கு முதல் எழும்பிருவம்" என்று அப்பா சொன்னபோது எனக்கு இன்னும் குழம்பியது. அவ்வளவு நாளைக்கும் அவர் அதே கதிரையில் இருக்கப்போகிறாரா?

எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார், மற்றவர்கள் எழும்பி வேறு வீடு பார்க்கவேண்டும். அப்பாவின் தாய் தகப்பன் இறப்பதற்கு முன்னமே வீட்டை மாமிக்கு எழுதிவிட்டார்கள். அம்மாவுக்கு எழுதிய வீடு இலங்கைத்துறையில் இருந்தது. சுனாமியில் கடல் ஏறி வந்தபோது அத்திவாரத்தை மட்டும் விட்டுவைத்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் மாமியோடு வந்து இருந்தோம். இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். நானோ அது எங்கள் வீடு என்றும் மாமி எங்களோடு இருக்கிறார் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய்க்காரி மேசையைக் கையால் காட்டினார். "அப்ப போகேக்க உந்தக் கப்பலையும் கொண்டு போவியள்தானே? வாற பிள்ளையளுக்குச் சாப்பிட ஒரு மேசை வேணுமெல்லோ."

அதில் பிழையே இல்லை. எழும்பிப் போகிற மனிதர் தன் சாமானைக் கொண்டுபோகத்தானே வேண்டும்? அப்பா கப்பலைப் பார்த்தார். ஓம் என்றால் தங்கையின் கப்பல் தங்கையை விட்டுப் போகும். இல்லை என்றால் பொய் வெளிக்கும், மாப்பிள்ளை போவார். கெட்டித்தனமாக ஒரு பொய்யைச் சொல்லப் போய், அவரே அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மாமியைப் பார்க்காமல், "ஓம், கொண்டு போவம்" என்றார்.

மாமி தட்டத்தை மேசையில் வைத்தார்.

"கப்பல் வீட்டோட" என்றார்.

"தங்கச்சி, நீ உள்ளுக்குப் போ."

"இல்லை அண்ணா. கப்பல் என்ர. நான்தான் செய்தனான், அந்தக் கப்பியளையும் நான்தான் சிரட்டையில செய்தனான். அதை அனுப்பிப்போட்டு இருக்க எனக்கு ஏலாது."

தாய்க்காரி கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் திருப்பி வைத்தார். அது நல்ல சகுனம் இல்லை என்பது எனக்கே விளங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான், வந்த நேரத்திலிருந்து வாயே திறக்காமல் இருந்த மாப்பிள்ளை கதிரையில் முன்னுக்கு நகர்ந்து மாமியைப் பார்த்துக் கேட்டார்.

"பாய் எப்ப கட்டப்போறீங்கள்?"

மாமி அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. "துணி சரிவரேல்ல. கடையில விக்கிறதெல்லாம் தடிப்பு. மடிப்பு விழாது" என்றார்.

"எங்கட அப்பாவின்ர பழைய வேட்டி ஒண்டு கிடக்கு. தோய்ச்சுத் தோய்ச்சு நல்ல மெல்லிசாப் போச்சுது."

"தேயிலைச் சாயத்தில ஊறவைச்சா பழைய பாய் மாதிரி வரும்" என்றார் மாமி.

"ஓம், வரும்" என்றார் அவர்.

இவ்வளவுதான் அவர்கள் கதைத்தது. தாய்க்காரி, வெளிக்கிடுவோம் என்று சொல்லி எழுந்தார். தாய்மாமன் மட்டும் போகிறபோது அப்பாவின் தோளில் தட்டி, "தம்பி, நீங்கள் கப்பலுக்குப் போயிருந்தா முதல் நாளே அதைக் கடலில தாட்டிருப்பியள்" என்று சிரித்தார்.

ஓட்டோ போனதும் அம்மா குசினிக்குள் போய்ப் பாத்திரங்களோடு சண்டை பிடித்தார். "மானம் கப்பலேறிட்டுது" என்று அங்கிருந்து சத்தம் வந்தது. ஏறிய கப்பலுக்குப் பாயும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளூரச் சந்தோசம். களவு பிடிபட்டது, கப்பல் மாமியிடம் வந்துவிட்டது, பாவம் மாப்பிள்ளை மட்டும் போய்விட்டார். மாமி அன்று கப்பலுக்குப் பக்கத்தில் போகவே இல்லை. அறைக்குள் போய்ச் சேலையோடு படுத்தவர், சாப்பிடவும் வரவில்லை. அப்பா கதவுக்கு வெளியே கொஞ்சநேரம் நின்றுவிட்டு, கூப்பிடாமலே திரும்பிவந்தார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் மாப்பிள்ளை தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். படலையில் நின்றபடியே ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, மாமியிடம் கொடுக்கச் சொன்னார். பழைய வேட்டி. வேறு வீடுகளுக்குச் சம்மதம் வெற்றிலை பாக்கோடு வரும், எங்களுக்கு இப்படி வந்தது. தாயைச் சமாளிக்க அவர் என்ன பாடு பட்டாரோ தெரியாது. அவர் புதிதாக ஒரு சாப்பாட்டு மேசை வாங்கிவிட்டார் என்று மட்டும் பிறகு கேள்விப்பட்டோம்.

கலியாணத்துக்கு முன் நாங்கள் உப்புவெளிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். பூசாத சுவர், இரண்டே அறை, கிணறும் அயல்வீட்டோடு பங்கு. மாமி அழுதார். எல்லோரும் ஒன்றாக இருப்போம் என்று அப்பாவின் கையைப் பிடித்துக் கேட்டார். புது மனிதர் வருகிற வீட்டில் நாங்கள் நெருக்கிக்கொண்டு இருக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சாமான்களை லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றினார்கள். அலுமாரிக்கும் மெத்தைக்கும் நடுவில் நான் இருந்தேன். அப்பா எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். அவர் முகத்தில் கவலையைத் தேடினேன், காணவில்லை. ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கதைப்பதில்லை என்ற சத்தியத்தை முறித்துக்கொண்டு கேட்டேன்.

"மாப்பிள்ளை வேண்டாமெண்டு போயிருந்தா நாங்கள் அந்த வீட்டிலயே இருந்திருப்பமா?"

"ஓம்" என்றார் அப்பா.

"அது உங்களுக்கு முதலே தெரியுமா?"

"ஓம்."

தெரிந்துகொண்டும் அவர் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் என் அப்பா ஒன்றும் விளங்காத பெரிய மொக்கர்தான், இனி வீட்டு விசயங்களை அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டு, உப்புவெளி வந்துசேரும்வரை அவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன்.