வேட்டியில் ஏறிய உண்ணிகள்

மடத்துவெளியில் எங்கள் அடுத்த வீட்டு நாகபூசணி அக்கா ஆடு வளர்த்துச் சீவிப்பவர். பால் கறக்கும்போதும், "இது ஏன் இண்டைக்குக் கால் மாத்தி நிக்குது?" என்று யோசிப்பார்.

போன மாரி முடிய அவருடைய ஆடுகளில் உண்ணி அப்பிக்கொண்டது. ஒரு கிடாய்க்குட்டி செத்துப்போனது. குட்டி போட நின்ற சிவப்பு ஆட்டின் இமையை விரித்துப் பார்த்தார், உள்ளே இரத்தமின்றி வெளுத்திருந்தது. மருந்து பூசியும், பிடுங்கியும், மறுநாள் புதிது புதிதாக ஏறியிருந்தன.

"எல்லாம் பரமலிங்கத்தாற்றை பத்தைக் காணியால வாறது," என்றார் கணவர் இளையதம்பி.

பரமலிங்கம் கனடாவில் இருக்கிறார். சண்டைக் காலத்திலிருந்து பற்றை மூடிக் கிடந்த காணியை, போன திருவிழாவுக்கு வருமுன் மெசின் விட்டுப் பாதியைத் திறந்த வெட்டையாக்கியிருந்தார்.

பற்றை வழியே செத்தவீட்டுக்குப் போய்வந்த கணவரின் வெள்ளை வேட்டிக் கரையில் உண்ணி ஊர்வதை அக்கா முன்பு கண்டிருக்கிறார். உண்ணி எங்கே கூட என்று பார்க்க, பழைய வேட்டி ஒன்றைத் தடியில் கட்டி நிலத்தில் இழுத்தபடி நடந்தார்.

"என்னப்பா, பட்டமோ ஏத்துறீர்?" என்றார் இளையதம்பி.

"ஓம். வந்து வாலைப் பிடியுங்கோ."

வெயில் விழும் வெட்டையில் வேட்டி சுத்தமாக வந்தது. பற்றை ஓரத்தில் சில ஏறின. ஆட்டுப்பட்டியின் முள்வேலியோரம் இழுத்தபோது எள்ளுக் கொட்டியதுபோல் அப்பின.

அந்த வேலியை அடைத்தவர் அக்காதான். மெசின் வெட்டிப் போட்ட முட்களை வீணாக்குவானேன் என்று இழுத்துவந்து அடைத்திருந்தார். மாரியில் அதற்குள் புல் மண்டியது. நிழலும் ஈரமும் தேடி, உண்ணி சுமக்கும் எலியும் கீரியும் குடியேறின. ஆடுகள் முதுகு உரசுவதும் அதே வேலியில்தான்.

இளையதம்பி வேட்டியை விரித்துப் பார்த்தார். "நாங்களே வீடு கட்டிக் குடுத்திருக்கிறம்."

வேலியை எரித்துவிட்டால் ஆடுகளை எங்கே கட்டுவது? இரவில் விறாந்தை இருக்கிறது. பகலுக்காக அக்கா கனடாவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, உங்கட வெட்டையில ஆட்டைக் கட்டட்டோ?"

"கட்டும். வேலி கீலி அடைச்சுப்போடாதையும். பிறகு காணி ஆருடையது எண்டு கேள்வி வரும்."

"வேலி எண்டாலே இப்ப எனக்குக் காய்ச்சல் வருது, அண்ணை."

வேலி எரிந்தது. உண்ணி மெல்லக் குறைந்தது. சிவப்பு ஆடு வெட்டையிலேயே குட்டி போட்டது. அக்கா குட்டியின் காதை மடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை.

வேட்டியைக் கழுவித் தடியோடு எடுத்து வைத்திருக்கிறார். மாரி வந்தால் வெட்டையிலும் புல் எழும்புமே.