சுவரில் இருந்த சக்களத்தி

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் தங்கை ஹெல்காவும் முதலில் சிரித்தாள். இப்போது எங்கள் வீட்டுப் படி ஏறுவதையே நிறுத்திவிட்டாள்.

ஜெர்மனியில், ஹார்ஸ் மலையடிவாரத்தில் சின்ன ஊர் எங்களுடையது. போன வருஷம் என் கணவன் எக்கார்ட் ஐந்நூறு வருஷம் பழைய மரச்சட்ட வீடு ஒன்றை வாங்கினான். ஓக் மரத் தூண்களும் குறுக்குச் சட்டங்களும்தான் வீடு. சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பியிருப்பார்கள். மாடி, கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பாதுகாக்கப்பட்ட வீடு. பழைய கட்டடங்களைக் காக்கும் அரசு அலுவலகத்தைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

ஏப்ரலில் மாடி அறையில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் கூப்பிட்டான்.

"ரோஸ்விதா, இங்க வந்து பாரேன்."

களிமண்ணில் ஒரு கை பதிந்திருந்தது. வலது கை. சின்னது, மெலிந்த விரல்கள். வீடு கட்டிய காலத்தில் ஈரச் சுவரில் யாரோ அழுத்தியது.

"பொம்பளை கை," என்றான். "எவ்வளவு அழகா இருக்கு பாரு."

"களிமண் மிதிக்க வந்தவளா இருப்பா. அழகு என்ன அழகு?"

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் கையை அவன் ஒருநாளும் அழகு என்று சொன்னதில்லை. அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அலுவலகத்திலிருந்து ஃபிராவ் ஓல்மான் என்ற அதிகாரி அம்மாள் வந்து பார்த்தார். அபூர்வம் என்றார். அந்தச் சுவரை அப்படியே விட வேண்டும், மேலே எதுவும் பூசக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எக்கார்டுக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்கள் கட்டிலை அந்தச் சுவரோரம் நகர்த்தினான். சுவர்ப் பக்கம் அவன் படுத்தான். காலையில் எழுந்ததும் அந்தக் கைக்குள் தன் கையை வைப்பான். பிறகுதான் காப்பி.

"வீடு வாங்குறேன்னு சொல்லி, சின்ன வீட்டையும் சேர்த்து வாங்கிட்டே போல," என்றேன்.

சிரித்தான். மறுக்கவில்லை.

சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லாமல் போனது. அவன் தலையணையில் களிமண் தூள். இரவில் அவன் கை தானாகச் சுவரைத் தேடிப் போகும். ஒருநாள் நான் பிடித்து இழுத்தேன். உடனே வரவில்லை. இன்னொன்று. ஏப்ரலில் சுவரில் பதிந்த அந்த விரல்கள் ஒட்டிச் சேர்ந்திருந்தன. நான் நன்றாகப் பார்த்தேன். அக்டோபரில் மோதிர விரல் மட்டும் தனியே விலகி நின்றது...

அவனிடம் சொன்னேன்.

"உனக்குப் பொறாமை," என்றான்.

ஆமாம், பொறாமைதான். செத்து மண்ணாய்ப் போனவளிடம் என் புருஷனை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை எக்கார்ட் மரம் வாங்க வெளியூர் போனான். நான் வாளியில் களிமண் குழைத்தேன். எங்கள் பக்கத்தில் அக்டோபருக்குப் பிறகு யாரும் களிமண் வேலை செய்ய மாட்டார்கள். காய்வதற்குள் பனி வந்து வெடிக்க வைத்துவிடும். அனுமதியில்லாமல் தொட்டால் அபராதம் வேறு. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. மேஜை விளக்கைத் தரையில் வைத்தேன். அந்தக் கையைக் களிமண்ணால் அடைத்தேன். விரல் விரலாக அடைத்தேன். மனம் குளிர்ந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஈரத்தின் மேல் என் வலது கையை வைத்து அழுத்தினேன். இனி எக்கார்ட் கை வைத்தால் என் கையில் வைக்கட்டும்.

களிமண் சில்லென்று இருந்தது.

பிறகு வெதுவெதுப்பானது.

பிறகு... உள்ளேயிருந்து ஏதோ அழுத்தியது.

உள்ளங்கையோடு உள்ளங்கை.

அந்தச் சுவருக்குப் பின்னால் அறை கிடையாது. தெருவுக்கு மேலே வெறும் காற்று.

இழுத்தேன். வரவில்லை.

சர்ர்... சர்ர்... வைக்கோல் உரசும் சத்தம்.

என் விரல்களுக்கு நடுவே விரல்கள் நுழைந்தன.

கிர்ர்ரக்... தலைக்கு மேல் உத்தரம் முனகியது.

மோதிர விரலை மட்டும் ஏதோ தடவியது. மெதுவாக. பொறுமையாக...

தேவாலய மணி ஐந்து அடித்தது. கை விடுபட்டது. பின்னால் போய் விழுந்தேன்.

எங்கள் ஊரில் கல்யாண மோதிரம் வலது கையில்தான் போடுவோம். என் விரல் வெறுமையாக இருந்தது.

விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். நான் பூசிய களிமண் அங்கே இல்லை. சுவர் எலும்பாய்க் காய்ந்திருந்தது. அதில் அதே சின்னக் கை.

ஏழு மணிக்கு எக்கார்ட் வந்தான். வாளியைப் பார்த்தான். என் நகங்களில் ரத்தத்தைப் பார்த்தான்.

"சுரண்டினியா?"

"என் மோதிரம் உள்ள இருக்கு."

அவன் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் கை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னிக்கு அவ வெதுவெதுன்னு இருக்கா," என்றான்.

நானே ஃபிராவ் ஓல்மானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அபராதம் போட்டாலும் பரவாயில்லை, மோதிரம் வேண்டும் என்றேன். ஜனவரியில் அவர் மெல்லிய குழாய்க் கேமரா கொண்டுவந்தார். தூணுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த பழைய விரிசல் வழியாக உள்ளே விட்டார். திரையில் பின்னிய குச்சிகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே விரல் எலும்புகள்.

ஓர் எலும்பில் மோதிரம்.

"இந்தக் களிமண்ணை யாரும் தொட்டதே இல்லைங்க," என்றார் அவர். "ஒரு வைக்கோல்கூட அறுபடல. கட்டினப்பவே உள்ள போன மோதிரம் இது."

கேமரா இன்னும் நெருங்கியது. மோதிரத்தின் உள்பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். என் கணவனின் பெயர். எங்கள் கல்யாணத் தேதி.

அவர் கேமராவை வெளியே இழுத்தார். சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எக்கார்டுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை.

பிப்ரவரியில் நானே புது மோதிரம் வாங்கினேன். அவன் பெயரையே பொறிக்கச் சொன்னேன். மத்தியானம், நல்ல வெளிச்சம். மாடி ஜன்னலருகே அவன் உட்கார்ந்திருந்தான். மோதிரத்தைக் கொடுத்துக் கையை நீட்டினேன்.

"போட்டு விடு."

என் கையை வாங்கினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினான். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுவதுபோல், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இது என் பொண்டாட்டி கை இல்ல."