ஆடி வரைக்கும் கட்டிய கயிறு

கடலூரில் அக்கா வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் ஆள் இருக்க மாட்டாரு" என்றார். உடனே எங்கள் குடும்பத்துக்குப் பக்தி வந்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து நானும் பெரியப்பாவும் கிளம்பிப் போய், குடியை விடக் கயிறு கட்டும் அம்மன் கோயிலுக்கு மாமாவையும் அக்காவையும் அழைத்துப் போனோம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கடைசியாக ஒன்று என்று போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அம்மனுக்கு மூக்கு கிடையாது என்று நினைப்பு.

"எத்தினி நாளைக்குக் கட்டணும்?" என்று பூசாரி கேட்டார்.

"ஆயுசுக்கும் கட்டுங்க" என்றாள் அக்கா.

பெரியப்பா குறுக்கே விழுந்தார். "ஆவணியில பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கு. மச்சான்மாருங்க கூட ஒக்காராம எப்டி? ஆடி வரைக்கும் கட்டுங்க, போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாய்மாமன், அக்கா மகளை மடியில் வைத்துக் காது குத்தவேண்டியவன். படித்தவன் வேறு. "ஆடி வரைக்கும் கட்டட்டும்க்கா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். ஆவணி பிறந்தால் ஈரல் தானாகப் புதுசாகிவிடும் என்று நம்பிய அறிவாளிகள் நாங்கள்.

அந்த மாதங்களில் மாமா தேறினார். கண்ணில் மஞ்சள் போனது. தூக்கி முத்தம் கொடுத்தால் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அக்கா போனில் சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தாள்.

ஆடி முடிந்ததும் மாமா கயிற்றைக் கழற்றிக் கோயிலில் போட்டார். காதுகுத்து அன்று, பாலத்தைத் தாண்டிப் பாண்டி எல்லையில் வாங்கிய பாட்டில்கள் மண்டபத்துக்குப் பின்னால் பந்திக்கு முன்பே வந்து இறங்கின. "வேணாம் மச்சான்" என்று மாமா இரண்டு முறை சொன்னார். "அதான் கயிறு அவுத்தாச்சே மாமா, இன்னைக்கி மட்டும்" என்று டம்ளரை அவர் கையில் திணித்தது நான்தான். அக்கா அப்போது மண்டபத்துக்குள் இருந்தாள். நான் ஒரு வெட்கங்கெட்டவன்.

இன்றைக்கு மட்டும் என்பது ஐப்பசி வரை ஓடியது. கார்த்திகையில் ரத்த வாந்தி எடுத்து மாமா போய்ச் சேர்ந்தார். "அம்மன் கைவுட்டுட்டாளே" என்று பெரியப்பா மார்பில் அடித்துக்கொண்டார். அவள் என்ன செய்வாள்? நாங்கள் கேட்ட மாதம் வரைக்கும் ஒழுங்காகத்தான் காத்தாள்.

பதினாறாம் நாள் படையலில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். பெரியப்பா ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்து, மூடியையும் திருகிவிட்டார். கூடியிருந்த ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அக்கா எழுந்து வந்து அதை எடுத்தாள். பெரியப்பா கை நீட்டினார். அவரைத் தாண்டி வந்து என் கையில் வைத்தாள்.

"அவுரு இப்பதான் வுட்டுருக்காரு. நீ குடி."