கல்லுக்குள் ஒரு கொலைகாரன்

என் வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, யாரென்றே தெரியாத வாய்களுக்குப் பல் கட்டுவார். இடைவெளியைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. காலண்டர் மாட்ட நான் சுவரில் ஆணி அடித்தால், மறுநாளே பிடுங்கி ஓட்டையை அடைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் போயும் போயும் கடல்மீன் தொட்டி வைத்தார். அதற்குள் போட்ட பாறை முழுக்க ஓட்டை.

கடைக்காரன் அதை உயிருள்ள பாறை என்று சொல்லித்தான் விற்றான். என்ன உயிர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கல்லோடு ஓசியில் வந்தவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ரோமம் முளைத்த புழு, குட்டி நண்டு, தலை எது வால் எது என்றே தெரியாத ஒரு வழவழப்பு. இவர் படமெடுத்து, மீன் வளர்க்கிறவர்களின் குழுவுக்கு அனுப்புவார். நல்லது, விட்டுவிடு என்பார் ஒருவர். உடனே கொல் என்பார் இன்னொருவர். இவர் பல் சுரண்டும் கொக்கியால் புழுவை இழுத்து என் டம்ளரில் போடுவார். மனசு கேட்காமல் மறுபடி தொட்டியிலேயே விடுவார். டம்ளர்களை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டொக். தொட்டிக் கண்ணாடிதான் விரிசல் விடுகிறது என்று பயந்து தரைவிரிப்பைச் சுருட்டி வைத்தேன். அந்த வாரமே ஒரு நீல மீன் காணாமல் போனது. இதில் மட்டும் குழு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: கல்லுக்குள் ஒரு கொலைகார இறால் இருக்கிறது.

அந்த நீல மீன், தொட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடந்ததைப் பெருக்கும்போது நான்தான் பார்த்தேன்.

“எகிறிக் குதிச்சு வெளிய விழுந்திருக்குங்க.”

“அதுவா குதிக்கல. அந்த இறால் துரத்தியிருக்கும்.”

இதற்கு மேல் யார் பேசுவது?

அந்தத் தொட்டியில் எனக்குப் பிடித்தவன் ஒருவன்தான். மஞ்சள் உடம்பு, பிதுங்கிய கண். நாள் முழுக்க ஒரு பொந்து வாசலில் நின்று மேற்பார்வை பார்ப்பானே தவிர ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டான். அதனால் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். நான் கிட்டே போய் நின்றால் என் பக்கம் திரும்புவான். சத்தமும் அந்தப் பொந்திலிருந்துதான் வருகிறது என்று, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியும் கையுமாக நின்று இவர் கண்டுபிடித்தார்.

“அடுத்த பலி மேனேஜர்தான். அதோட வாசல்லயே நிக்கிறான் பாரு, மடையன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீருக்குள்ளும் இறுகுகிற பசையைப் பிசைந்து பொந்தை வழித்து அடைத்தார். கை உள்ளே போனதுமே மேனேஜர் எங்கோ ஓடி ஒளிந்தான். சொத்தைப் பல்லை அடைத்த மாதிரி வேலை அத்தனை சுத்தம். சத்தம் நின்றது. குழுவுக்குப் படம் போனது, பாராட்டு வந்து குவிந்தது.

மாலையில் தீனி போட்டபோது மேனேஜர் வரவில்லை. தீனி என்றால் முதல் ஆளாக நிற்பவன்.

“ஏங்க, நீங்க கைய விட்டப்போ அவன் எந்தப் பக்கம் ஓடினான்?”

அவர் அடைத்த பொந்தையே பார்த்தார். முகம் வெளுத்துப் போனது.

கொக்கியால் சுரண்டிப் பார்த்தார், பசை அசையவில்லை. பாறையின் ஓரத்தை உடைத்தால்தான் வழி. நகத்தளவு வாங்கிவந்து உள்ளங்கை அகலத்துக்கு அவர் வளர்த்த பச்சைப் பவளம் அந்த ஓரத்தில்தான் இருந்தது. என் கை அதன் பக்கம் போனாலே கத்துவார்.

“உடைங்க,” என்றேன்.

உளியை வைத்து ஒரே அடி. பவளம் இரண்டாகப் பிளந்து சரிந்தது. கலங்கல் அடங்கியதும் மேனேஜரின் தலை தெரிந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் வாலைத் தொட்டபடி இரண்டு நீள மீசைகள். மீசைக்குப் பின்னால் கோடு போட்ட ஒரு சின்ன இறால். பெரிய கொடுக்கைத் தூக்கி டொக் என்று ஒரு சொடுக்குப் போட்டுவிட்டு, இடிந்த வாசலிலிருந்து மண்ணை வெளியே தள்ள ஆரம்பித்தது. மேனேஜர் அதற்குக் காவல் நின்றான். கொலைகாரனாம்! இத்தனை நாளும் இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

சட்டை தோள்வரை நனைந்து, கையில் உளியோடு இவர் நின்றார். பவளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவனைக் காப்பாத்தத்தான் அடைச்சேன்,” என்றார்.

“தெரியும்,” என்றேன். காப்பாற்றுகிறேன் என்றே எதையும் அடைத்துவிடுகிறார்; என் கோபமே அதுதான்.