சென்சாரில் சந்தனம் வைத்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைத் தொகுக்கும் எங்கள் பெரியப்பா மகன் என்னிடம் கட்டுரை கேட்டபோதே முதல் வரியையும் சொல்லிக்கொடுத்தார்: "வாழ்நாளில் ஒரு தவறும் செய்யாத உத்தமர்." இதை அச்சடித்தால் அண்ணன் மாலை போட்ட படத்திலிருந்து இறங்கி வந்து சண்டை பிடிப்பார். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா மகனுக்கு வருத்தம்தான். அவர் அண்ணனோடு ஒரே மில்லில் வேலை பார்த்தவர் இல்லை. நான் பார்த்தவள்.

அண்ணன் பிறந்தது கெங்குவார்பட்டியில். அப்பா காலமானபோது அவர் தேனியில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்த கையோடு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவைக் கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்தார். எனக்கும் கல்யாணம் முடித்துவைத்தார். அதன் பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். என் வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாமல் படுத்ததும், என்னையும் அதே மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் சேர்த்துவிட்டார். அவருடைய நல்ல குணங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அப்பப்பா!

எதைக் கண்டாலும் அதன் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும் அவருக்கு. கரண்டு மீட்டர் ஒரு கோடு, போர் மோட்டார் ஒரு கோடு. "நேத்தைக்கு இன்னைக்கு கோடு ஏறிருக்கே, யாரு மோட்டார நிப்பாட்டாம விட்டது?" என்று விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட நிறுத்திக் கேட்பார். சர்க்கரை வியாதி வந்ததும் அதற்கும் ஒரு கோடு வரைந்தார். அழகாக வரைந்து முடித்துவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்பார். "எழுதி ஒட்டிட்டா மட்டும் எறங்கிருமா?" என்று மதினி தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒருநாள்கூட அவர் காதில் ஏறியதில்லை.

மில்லிலும் இதே கதைதான். நூல் ஓடும் இடத்தில் காற்று ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தை அளக்க ஒரு சென்சார் உண்டு; ஈரம் குறைந்தால் தண்ணீர் தானாகப் பீய்ச்சும், கூடினால் நிற்கும். அதன் கணக்கு அதுவரை எங்கள் பிரிவை நடத்தும் மாஸ்டரின் அறைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும் என்று அண்ணன் நச்சரித்து, பழைய டிவி ஒன்றை ஷெட்டின் சுவரில் மாட்டவைத்தார். எங்களை வேவு பார்க்கத்தான் மாட்டுகிறார்கள் என்று முதலில் பெண்கள் எல்லோரும் முறைத்தோம். பிறகு பழகிவிட்டது. வெயிலேறக் கோடு இறங்கும், இருட்டக் கோடு ஏறும். அண்ணன் பெற்ற பிள்ளையைப் போல அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்படி இருக்கையில் ஓர் ஆயுத பூசை வந்தது. மில் முழுக்க வாழைக்கன்றும் பொரியுமாகக் கல்யாண வீடு போல இருந்தது. பக்தியில் அண்ணனை மிஞ்ச முடியாது. குளித்து முழுகி, ஏணி போட்டு ஏறி, எதையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். விடுமுறை முடிந்து மெஷினை ஓட்டியதும் இழை அறுபடத் தொடங்கியது. ஒன்றை இணைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் நாலு தொங்கும். மூக்கு எரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணே, காத்து காஞ்சு கெடக்கு. நூலு தொட்டாலே அந்து போகுது. ஈரக்காத்தத் தொறந்து விடச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தார். "கோட்டப் பாரு ஆத்தா. ஈரம் மேல நிக்குது. அதான் தண்ணி தன்னால நின்டுருக்கு. லீவுல நல்லாத் தூங்கிட்டு வந்துட்டு காத்தக் குத்தஞ் சொல்றீக."

"மூக்கு எரியுதுன்னு சொல்றேன், கோட்டக் காட்டுறீகளே!"

"மூக்கு ஆளுக்கு ஆளு மாறும். கோடு மாறாது."

என்னோடு வேலை பார்த்த பாண்டியம்மா, "விடு தாயி. ஒங்க அண்ணனுக்கு டிவி சொன்னாத்தான் காது கேக்கும்" என்றாள். மறுநாளும் அதே பாடுதான். கழிவுப் பஞ்சு குவிந்து கிடப்பதைப் பார்த்த மாஸ்டர், எங்கள் ஷிப்டில் ஆறு பேரை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். காற்று காய்ந்திருக்கிறது என்று கெஞ்சினோம். "போர்டுல ஈரம் சரியா இருக்கே. அப்ப கோளாறு ஒங்க கையிலதான்" என்று அண்ணனின் டிவியையே கைகாட்டினார். ஆறு பேரில் நானும் பாண்டியம்மாவும் உண்டு. வீட்டில் படுத்த படுக்கையாய்ப் புருஷன். என் சம்பளத்தை விட்டால் உலை கிடையாது.

நேராக அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். "நீங்க மாட்டுன டிவியே எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுருச்சு. இப்பச் சந்தோசமா?" தெருவே எட்டிப் பார்த்தது. அன்று அண்ணன் சாப்பிடவே இல்லை என்று மதினி பிறகு சொன்னார்கள்.

மறுநாள் ஷிப்டு தொடங்கும் முன்பே போய், முந்தைய நாள்களின் கோட்டையெல்லாம் திரையில் பின்னால் நகர்த்திப் பார்த்திருக்கிறார். பூசைக்கு முன்புவரை கோடு வழக்கம்போல ஏறி இறங்கியிருந்தது. பூசையன்றிலிருந்து ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல ஒரே நேராக நின்றது. பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசமே இல்லை. ஏணியைப் போட்டு ஏறிப் பார்த்தால், சென்சாரின் வலை முழுக்கச் சந்தனம் இறுகி, நடுவில் குங்குமப் பொட்டும் இருந்தது. வைத்த புண்ணியவான் அவரேதான். வேறு சென்சார் மாட்டியதும் கோடு விழுந்தடித்து இறங்கியது. நின்றிருந்த தண்ணீர் தானாகப் பீய்ச்சத் தொடங்கியது.

அண்ணன் போய்ச் சொன்னதும் மாஸ்டர், "சரி, பொம்பளைகள வரச்சொல்லுங்க. சென்சாரு பழுதுன்னு போட்டு முடிச்சிருங்க" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் வேலை அண்ணனுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அந்த நாள்களின் கோட்டுக்குக் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில் தமிழில் அடித்துவைத்தார்: "சென்சாரில் சந்தனம் வைத்தது நான். இந்தக் கோடு தப்பு. பெண்கள் சொன்னதுதான் சரி. நான் கேட்கவில்லை." சுவரில், டிவியில், ஊரே பார்க்க!

நாங்கள் வேலைக்குத் திரும்பிய அன்று மொத்த ஷிப்டும் நின்று வாசித்தது. பெரிய மேனேஜரும் வாசித்தார். நூல் வாங்குகிறவர்கள் வந்து பார்க்கும் இடம், அழித்துவிடு என்றார். அண்ணன் மாட்டேன் என்றார். சூப்பர்வைசர் வேலை அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. அண்ணன் கடைசிவரை எலக்ட்ரீசியனாகவே இருந்தார்.

"வேலைதான் திரும்பக் கெடச்சிருச்சுல்ல அண்ணே. அந்த எழுத்த அழிச்சாத்தான் என்ன? ஒங்க புள்ளைக படிப்ப நெனச்சுப் பாத்தீகளா?" என்று கேட்டேன்.

"சென்சாரு கெட்டுப்போச்சுன்னு மாஸ்டரு போட்டுருவாரு, ஆத்தா. நீ சொல்லச் சொல்ல நான் கேக்காமப் போனேனே, அது எங்கன எழுதியிருக்கும்?"

இப்படிப்பட்ட ஆளிடம் என்னத்தைப் பேச? மதினி பல வருடம் பேசிப் பார்த்து ஓய்ந்தார்கள். அவரோ அதற்குப் பிறகு, யாராவது காற்று சரியில்லை என்றால் போதும், டிவி பக்கம் திரும்பாமல் ஈரம் அளக்கும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு சொன்னவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

சர்க்கரை கடைசியில் சிறுநீரகத்தைப் பிடித்தது. தேனி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். படுக்கையிலும் கோடு வரைந்தார், பாயசம் கேட்டார். திட்டிக்கொண்டேதான் ஊட்டினேன். ஒரு விடியற்காலையில், மதினியின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்ணை மூடினார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், கேட்கும் முன்பே ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஷிப்டு முடிந்த களைப்போடு முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பாண்டியம்மாவுக்கும் அன்று எங்களோடு வேலையை இழந்த மற்ற நால்வருக்கும், மில்லில் மெஷின்களை நிறுத்தி அஞ்சலி செலுத்திய தொழிலாளர் அனைவருக்கும், அக்கா வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

அண்ணனுக்கு மட்டும் சொல்லப் போவதில்லை. நான் இன்றைக்கும் அதே ஷெட்டில்தான் வேலை பார்க்கிறேன். என் வீட்டில் உலை கொதிக்கிறது. எனக்கு அதைக் கொடுத்துவிட்டுத் தனக்கு வர வேண்டியதைத் தள்ளிவிட்ட மனுஷர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நன்றி சொன்னால் எங்கள் சண்டை முடிந்துபோகும். அண்ணே, அதை முடிக்க எனக்கு மனசில்லை.