இடக்கைக்காரருக்கு ஈடாக
1934 மழைக்காலத்தில் ஆட்டம் நின்றது. இலங்கையின் கடுகண்ணாவை ரயில் நிலைய எழுத்தர் அம்புறோசுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய கிரிக்கெட் குழுவில் வேகமாகப் பந்து வீச ஒரே ஆள்தான். அவனுக்கும் நாலு ஓவரில் நாக்குத் தள்ளிவிடும். நாவலப்பிட்டி நிலையத்து எழுத்தர் மரியநாயகமோ இடக்கையால் இடிபோலப் பந்து போடுகிறாராம். அவரை இங்கே மாற்றிக்கொண்டுவர வேண்டுமானால், அதே சம்பளத்தில் இருக்கும் ஒருவர் அங்கே போகவேண்டும்.

"அந்தச் சம்பளம் நம்மள்ல யாருக்குங்க?" என்றார் குழுவில் ஆடும் ராஜலிங்கம்.

அம்புறோஸ் இடமாற்ற விண்ணப்பத்தில் தன் பெயரையே எழுதினார். சிரிப்பு வந்தது.

மாற்றம் கிடைத்தது. தை மாதம் கடுகண்ணாவைக்கு எதிராக, நாவலப்பிட்டிக்காக அவர் மட்டையோடு இறங்கினார். மரியநாயகத்தின் முதல் பந்திலேயே நடு ஸ்டம்ப் பறந்தது.

"இவரு நான் கொண்டாந்த ஆளுங்க," என்று நடுவரிடம் சொல்லி, கைதட்டிக்கொண்டே வெளியேறினார்.